ஆட்டோடு முகாமுக்கு வந்த நாய்

எங்கள் ஊர் கந்தர்வக்கோட்டை பக்கம். முந்திரிக்காட்டில் எங்கள் ஆடுகளைக் காத்தது கருவாயன் என்ற நாய். கால்நடை முகாமுக்கு ஆடுகளை ஊசி போட ஓட்டிப் போனபோதும் அது கூடவே வந்தது.

"நாய்க்கும் வெறிநோய் ஊசி போடுறாங்கப்பா" என்றேன்.

"ஆட்ட விக்கலாம். இத எவன்டா வாங்குவான்?" என்று அப்பா சிரித்தார். ஆடுகளுக்கு மட்டும் ஊசி போட்டுத் திரும்பினோம்.

பிறகு ஒருநாள், ஆட்டுக்குட்டியைக் கவ்வ வந்த வெறிநாயோடு சண்டை போட்டுக் காயத்தோடு வந்தது கருவாயன். சில வாரங்களில் சோற்றைத் தொடாமல் படுத்தது. தண்ணீர் வைத்த என் கையைக் கடித்துவிட்டது.

அம்மா மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தார். "நம்ம சோத்தத் தின்ன நாயிடா. அது பல்லுல வெசம் இருக்குமா?"

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். குழாயடியில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, பஸ் ஏறி அரசு மருத்துவமனைக்குப் போனேன். எல்லா ஊசியையும் போட்டுக்கொண்டதால் பிழைத்தேன். கருவாயன் நுரை தள்ளிச் செத்தது.

"கடைசியில நன்றி கெட்டுப்போச்சே" என்றார் அப்பா.

"அதுவா கெட்டது? நம்ம ஆட்டுக்காகத்தானே கடி வாங்குச்சு" என்றேன்.

இப்போது ஆடுகளோடு வேறொரு நாய் போகிறது. முகாம் என்றால் முதலில் அதற்குத்தான் ஊசி போட்டு வருகிறேன். இதையும் யாரும் விலைக்கு வாங்கப்போவதில்லை.