கூச்சம் போன பிறகு

ஹம்சினியை எல்லோரும் வருண் என்று கூப்பிட்ட காலத்தில் அவள் வாய் திறந்து பேசுவதே அபூர்வம். பள்ளி முடியும் சமயம், தான் பெண் என்று வீட்டில் சொன்னாள். அப்பா ராகவேந்திரன், கிடர்பூர் துறைமுக அலுவலகக்காரர், சத்தம் போடவில்லை. ஜாதவ்பூரில் ஒரு மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனார்.

அந்த அம்மாள் குணங்களை அளக்கும் சோதனை ஒன்று வைத்தார். கூச்சம் அதிகம், பதற்றம் அதிகம் என்று வந்தது. இவை வயதோடு மாறக்கூடியவை, ஆனால் ஆணா பெண்ணா என்பது குணத்தில் சேராது, இந்தச் சோதனை அதை அளக்கவும் அளக்காது என்று நிதானமாக விளக்கினார். ராகவேந்திரன் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார். கூச்சத்தைப் போக்கிவிட்டால் மற்றதும் தானே போய்விடும் என்று நம்பி, பையனைத் தெருவின் துர்கா பூஜை கமிட்டியில் சேர்த்துவிட்டார்.

அப்பா சொன்னபடியெல்லாம் ஹம்சினி செய்தாள். செய்து முடித்த பிறகாவது, கூச்சம் வேறு, தான் பெண் என்பது வேறு என்று அவருக்குப் புரியும் என நினைத்தாள். வீடு வீடாக ஏறிச் சந்தா கேட்டாள். பந்தல்காரரோடு மல்லுக்கு நின்றாள். மைக் பிடித்தாள். கூச்சம் நிஜமாகவே போய்விட்டது. தெருப் பிள்ளைகளுக்கு அவள் இப்போது ஹம்சினிதி, அதாவது வங்காளியில் ஹம்சினி அக்கா. வீட்டில்தான் இன்னும் வருண்.

இந்த வருஷம் நவராத்திரி சஷ்டியன்று புடவை கட்டிக்கொண்டு வீட்டுக் கொலுவுக்கு வந்தாள். அம்மா ஜலஜா வந்த பெண்களுக்கெல்லாம் குங்குமம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் எதிரில் தனக்கும் கொடுத்தால் போதும் என்றிருந்தது ஹம்சினிக்கு.

ராகவேந்திரன் விருந்தாளியிடம் பெருமையாகச் சொன்னார்: “முன்னெல்லாம் வாயே திறக்க மாட்டான். இப்ப மைக்கைக் கீழ வைக்க மாட்டேங்கறான். பாதி சரியாயிடுத்து.”

“கூச்சம் போச்சுப்பா, பயமும் போச்சு,” என்றாள் ஹம்சினி. “நான் அப்படியேதான் இருக்கேன்.”

“அதுக்கும் ஏதாவது டெஸ்ட் இருக்கும். விசாரிக்கறேன்,” என்றார் அவர், மிகவும் பிரியமாக.

கோபித்துக்கொள்ளக்கூட வழியில்லை. ஜலஜா குங்குமச் சிமிழை எடுத்தாள், கணவர் முகத்தைப் பார்த்தாள், கீழே வைத்துவிட்டுச் சுண்டலை நீட்டினாள். ஹம்சினி வாங்கிக்கொண்டாள்.

பந்தல் மைக்கில் யாரோ ஹம்சினிதியைத் தேடினார்கள்.

“போடா,” என்றார் அப்பா. “உன்னத்தான் கூப்பிடறா.”