டீ கிளாஸ்களுக்குச் சுற்றப்பட்ட பிரசங்கங்கள்: செம்பூர், தாராவி, மாட்டுங்கா

'வீட்டுப் பெரியவர் எழுதிய பேப்பர்கள் குவிந்து கிடக்கின்றன, வெளிநாட்டில் ஓர் ஆவணக் காப்பகம் கேட்கிறது, மும்பையிலிருந்து எப்படிக் கட்டி அனுப்புவது?' என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார். அறுபதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம், அப்படிப்பட்ட பேப்பர்களைத் தேடி நான் பாதி பம்பாயைச் சுற்றியிருக்கிறேன். எப்படி அனுப்புவது என்பது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். எப்படி அனுப்பக் கூடாது என்பதை மட்டும் அடித்துச் சொல்வேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் குடியிருப்பு. எட்டாம் வகுப்பை ரசித்து இரண்டு முறை படித்தவன் என்பதால், சாமான்களைப் பெட்டி கட்டிக் கப்பலுக்கு அனுப்பும் ஒரு சின்னக் கம்பெனியில் இங்கிலீஷ் தெரிந்த ஆள் நான்தான். மற்றவர்களின் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

செம்பூரில் ஒரு மாடி வீட்டில் அமெரிக்க ரபி ஒருவர் இருந்தார். ரபி என்றால் யூதர்களின் வேத குரு. பம்பாயில் இருக்கும் யூதப் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்க மனைவியோடு வந்தவர். முந்தின வருடம் அந்த அம்மா இங்கேயே இறந்துவிட்டார். இவர் ஊர் திரும்புகிறார், இரண்டு நாளில் கப்பல். அவர் ஊரில் ஒரு நூலகம், ரபிகள் எழுதிய பிரசங்கம், கடிதம், டைரி, சபைக் கணக்கு என்று எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாகச் சேர்க்கிறதாம். இவருடையதையும் கேட்டிருந்தார்கள்.

"இதையெல்லாம் யார் படிப்பார்கள்?" என்று கேட்டேன். எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

"இன்னும் பிறக்காத யாராவது" என்றார்.

பெட்டியை அளவெடுத்துச் செய்ய வேண்டும் என்பதால், பேப்பர்களை ஒரு கோணிச் சாக்கில் கட்டி முதல் நாளே தாராவிப் பட்டறைக்குக் கைவண்டியில் அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை பதினோரு மணிக்கு, பெட்டி மேல் எழுத விலாசம் வாங்கிவர செம்பூர் போனேன். ரபி சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். கையில் ஒரே ஒரு தாள். மேஜைக்குப் பின்னால் விழுந்து கிடந்ததாம். தன் கையாலேயே மற்றதோடு சேர்க்க வேண்டும், நானும் வருகிறேன் என்றார்.

வழி சொல்லிவிடுகிறேன், இன்றைக்கும் இதேதான். செம்பூரில் ஹார்பர் லைன் பிடித்து குர்லாவில் இறங்கி, பெரிய லைனுக்கு மாறினால் அடுத்த ஸ்டேஷன் சயான். அங்கிருந்து தாராவிக்கு நடை, ஒரு மைல்கூட இராது. மேல் வகுப்பு டிக்கெட் எடுக்கப் போனேன். வேண்டாம் என்று மூன்றாம் வகுப்பிலேயே ஏறிக்கொண்டார். ஒரு மீன்காரம்மா கூடையை நகர்த்தி இடம் கொடுத்தாள்.

வண்டியில் அந்தத் தாளைக் காட்டினார். டைப் அடித்த பிரசங்கம், ஓரத்தில் பென்சில் எழுத்து. "என் மனைவி. நாற்பது வருடம் ஒவ்வொரு பிரசங்கத்தையும் முதலில் அவள்தான் கேட்பாள்." ஒரு வரியில் விரலை வைத்து வாசித்தார்: "'இந்த இடத்தில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள்.'" சிரித்தார். பிறகு, "நூலகத்துக்கு வேண்டியது என் டைப்பிங். எனக்கு வேண்டியது இந்தப் பென்சில். அவள் கையெழுத்து வேறெங்கும் இல்லை" என்றார்.

பட்டறைக்காரர் யேசுவடியான், எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்துக்காரர். பேப்பர்களுக்கான தேவதாருப் பெட்டி வாசலிலேயே பளிச்சென்று இருந்தது. மூடி திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"அண்ணே, பேப்பர் சாக்கு எங்க?"

"எந்தச் சாக்குவே? நேத்து வந்ததா? அதான் கிளாஸுக்குச் சுத்தியாச்சே."

"எந்தக் கிளாஸு?"

"மாட்டுங்கா அண்ணாச்சியோட டீ கிளாஸு. கல்யாண் ஊருக்குப் போகுதுல்லா. நல்ல கனத்த பேப்பருவே. நீரு வாராவாரம் அனுப்புத ரத்திய விட சோக்கா இருந்துச்சு."

விஷயம் இதுதான். கண்ணாடிச் சாமானுக்கு இடையில் திணிக்கப் பழைய பேப்பர், அதாவது ரத்தி, ஒவ்வொரு வாரமும் என் கம்பெனியிலிருந்து அதே மாதிரிச் சாக்கில், அதே கைவண்டியில்தான் அங்கே போகும். இது வேறு என்று நான் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை.

"எழுதியிருந்ததைப் பாக்கலயாண்ணே?"

"எழுதாத ரத்தி எங்கவே வருது?"

ரபி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். நேரம் கடத்த, "இவர் நாசரேத்துக்காரர்" என்று அறிமுகம் செய்தேன். அவர் பட்டறைக்காரரை மேலும் கீழும் பார்த்தார். அதற்கு மேல் கடத்த முடியவில்லை. மனதுக்குள் மூன்று பொய் தயார் செய்தேன். மூன்றுக்கும் என்னிடம் இங்கிலீஷ் இல்லை. அதனால் உண்மையைச் சொன்னேன்.

அவர் கத்தியிருந்தால் தேவலை. அந்தக் காலிப் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, கையிலிருந்த தாளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "எங்கே போயிருக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

"லாரி ஒரு மணிக்குக் கெளம்பும். ஓடும்வே!" என்றார் யேசுவடியான். அப்போது பன்னிரண்டே முக்கால். வானம் கரிச்சட்டி மாதிரி இருந்தது. முதல் மழை அன்றைக்கு வருமா மறுநாள் வருமா என்று பம்பாயே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம். டாக்ஸி பிடித்தோம். மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு ஒன்றேகால் ரூபாய். என் வாழ்க்கையில் மீட்டரைப் பார்க்காமல் போன ஒரே டாக்ஸிப் பயணம் அதுதான்.

அண்ணாச்சியின் பலசரக்குக் கடை வாசலில் லாரி நின்றது. பெட்டி மேலே ஏறி, கயிறும் கட்டியாகிவிட்டது. டிரைவர் இன்ஜினை முடுக்கி, "அரே சேட், பாரிஷ் ஆ ரஹீ ஹை, ஜல்தி!" என்று மழை வரப்போகும் வானத்தைக் காட்டி அவசரப்படுத்திக் கத்திக்கொண்டிருந்தார். நான் லாரிக்கு முன்னால் போய் நின்றேன். வீரம் ஒன்றுமில்லை, கால் நின்றுவிட்டது.

"என்னவே, சாகப் போறியா?" என்றார் அண்ணாச்சி. விஷயத்தைச் சொன்னேன்.

"பிரிக்கவா? கண்ணாடிவே அது! உடைஞ்சா யாரு பொறுப்பு? வெறுங்கிளாஸா கல்யாணுக்கு அனுப்பினா, அங்க கடை வச்சிருக்க என் தம்பி பொடியத்தான் எறக்குவான்."

"நீங்க ஒரு தாளுக்கு ஒரு தாள் குடுங்க அண்ணாச்சி. நானே திரும்பச் சுத்தித் தாரேன்."

"எதுக்குவே இவ்வளவு பாடு? சாமியாருக்கு வேற பிரசங்கம் பண்ணத் தெரியாதாக்கும்?"

"பிரசங்கம் இல்ல அண்ணாச்சி. அவரு சம்சாரம் கைப்பட எழுதினது. அந்தம்மா இப்ப இல்ல."

அண்ணாச்சி ரபியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "எறக்குலே பெட்டியை" என்று கடையாளிடம் சொன்னார். பொட்டலம் மடிக்க வைத்திருந்த தமிழ்ப் பேப்பர் கட்டை அவரே தூக்கி வந்து போட்டார்.

கடைக்குள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கிளாஸாகப் பிரித்தோம். நான் பிரித்துக் கொடுக்க, ரபி கசங்கிய தாளை முழங்கால் மேல் வைத்து நீவினார். பென்சில் எழுத்து வரும்போதெல்லாம் கொஞ்சம் நின்றார். சில இடங்களில் கழுவிய கிளாஸின் ஈரம் பட்டு மை கலங்கியிருந்தது, பென்சில் மட்டும் அப்படியே இருந்தது. வெளியே டிரைவர் ஹாரன் அடித்தபடி இருந்தார். அண்ணாச்சி, "மெதுவா, மெதுவாவே" என்று என் தலைக்கு மேலேயே நின்றார். நான் அவரை அண்ணாந்து பார்த்தேன். ஒரு கிளாஸ் நழுவித் தரையில் சிதறியது.

"சொன்னேன்லா!" என்றார் அண்ணாச்சி. ரபி தலையைத் தூக்கி, அன்றைக்கு முதல் முறையாகப் பெரிதாகச் சிரித்தார். என்னிடம் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுதாரு?"

"அவங்க கல்யாணத்துல மாப்பிள்ளை ஒரு கிளாஸை மிதிச்சு உடைப்பாராம். உடனே எல்லாரும் வாழ்த்துச் சொல்வாங்களாம்."

"அப்ப இது யாரு கல்யாணமாம்?"

மொழிபெயர்த்தேன். ரபி மடியிலிருந்த தாளைத் தட்டி, "என்னுடையதுதான்" என்றார். அண்ணாச்சிக்கு அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவரும் கீழே உட்கார்ந்து கிளாஸ் சுற்ற ஆரம்பித்தார்.

கடைசிக் கிளாஸைச் சுற்றும்போது தூறல் விழுந்தது. லாரி தார்ப்பாயை இழுத்துவிட்டுக் கிளம்பியது. இரண்டு தாள் கிழிந்திருந்தன, மற்றதெல்லாம் கிடைத்துவிட்டது. கிளம்பும்முன் ரபி அண்ணாச்சியிடம் ஒரு தமிழ்ப் பேப்பர் தாளைக் கேட்டு வாங்கி, என் பென்சிலால் ஓரத்தில் ஏதோ எழுதி, கட்டுக்குள் வைத்தார். கேட்கத் தோன்றவில்லை. சாயங்காலத்துக்குள் பெட்டி துறைமுகம் போய்விட்டது.

இனி அனுபவத்தில் சொல்வது. பேப்பரைச் சாக்கில் அனுப்பாதீர்கள், டிரங்குப் பெட்டியில் அனுப்புங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே பெரிதாக எழுதுங்கள், ஆளிடம் வாயாலும் சொல்லுங்கள். ஜூன் மாதத்தைத் தவிர்க்கவும். முக்கியமான எழுத்தைப் பென்சிலில் எழுதச் சொல்லுங்கள், தண்ணீருக்கு அது பயப்படாது. கசங்கிய தாளைத் தேய்த்துச் சமப்படுத்த நினைக்க வேண்டாம், மடிப்பு மடிப்பாகவே போகட்டும்.

என் மகள் அதற்கு அடுத்த வருடம் பிறந்தாள். பம்பாய்ப் பள்ளிக்கூடம், அதனால் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். இப்போது அமெரிக்காவில் இருக்கிறாள். அந்த நூலகம் அவள் ஊரிலிருந்து நாலு மணி நேரம். அப்பா அடிக்கடி சொல்லும் கதை நிஜமா என்று பார்க்கப் போயிருக்கிறாள். மேஜையில் பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, தாள்களில் ஏன் வட்ட வட்டமாக மடிப்பு இருக்கிறது என்று அங்கிருந்தவர்களே அவளிடம் கேட்டார்களாம். கூடவே இந்திய மொழியில் ஒரு தாள் இருக்கிறது, பிரார்த்தனையா என்றும் கேட்டார்களாம்.

போட்டோ எடுத்து அனுப்பினாள். "என்னப்பா இது, மந்திரமா?"

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நல்லெண்ணெய், வத்தல், கொத்தமல்லி மார்க்கெட் நிலவரம். ஓரத்தில் என் பென்சிலால் ரபி இங்கிலீஷில் எழுதியதை அவளே படித்துச் சொன்னாள்:

'மாட்டுங்கா. ஒரு கிளாஸ் உடைந்தது. மற்றதெல்லாம் இருக்கிறது.'