சிவப்பு எழுத்தில் அமீர் ஜான்

கல்லூரி வாசலில் சிவப்பு எழுத்து ஓடும் கரண்ட் போர்டு ஒன்று உண்டு. பழைய மாணவர்கள் வாங்கிக் கொடுத்தது. ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி, கூடைப்பந்து மேட்ச், யாரோ வாத்தியாரின் அப்பா இறந்தது, சேலம் பஸ் ஓடாதது, எல்லாம் அதில்தான் வரும். அதை ஓடவிடுபவர் ஆபீஸ் அட்டெண்டர் அமீர் ஜான் பாய். ஆறாவது படித்தவர். இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடி ஒற்றை விரலால் அமுக்குவார். அப்புறம் வெளியே வந்து, முதல் சுற்று ஓடி முடியும்வரை அண்ணாந்து பார்ப்பார். படிக்க வருகிற கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு போகும், கம்பத்தைச் சுற்றுகிற மாதிரி.

கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். ஒண்டிக்கடை என்கிற பஸ் நிறுத்தத்தில், ஒரு கடைக்குப் பின்னால் ஒற்றை ரூம்.

பிரின்ஸ்பால் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் ஓர் எழுத்தும் அவர் அடிக்கமாட்டார். எட்டாவதோடு படிப்பை விட்டு, அம்மாவின் கேண்டீனில் டீ ஆற்றிக்கொண்டிருந்த நான், 'இன்று போண்டா இலவசம்' என்று ஒரு சீட்டு எழுதி, கையெழுத்தும் போட்டு வைத்தேன். கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அம்மாவிடம் சொல்லவில்லை.

தொண்ணூற்றைந்து நவம்பர் கடைசியில் அவர் ரிட்டையர் ஆனார். வாத்தியார் ரிட்டையர் ஆனால் போர்டில் பெயர் ஓடும், ஹாலில் விழா நடக்கும். அட்டெண்டருக்கு அந்த வழக்கம் இல்லை. முந்தின நாள் டீ குடிக்கும்போது சொன்னார்:

"எத்தன பேர்த்து பேர ஓட உட்டிருக்கறேன். எம்பேரு ஓடுனா எப்படி இருக்கும்னு ஒருக்கா பாக்கோணும் கண்ணு."

"நீங்களே அடிச்சுப் பாருங்களேன் பாய்."

"சீட்டு வேணுமல்லோ."

சீட்டுதானே. ஆபீஸுக்கு டீ கொண்டுபோனபோது, போன வருஷம் ஒரு வாத்தியாருக்கு எழுதினதை ஃபைலில் தேடி எடுத்து, எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதினேன். பெயரை மட்டும் மாற்றினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். கையெழுத்தும் போட்டு, அவர் மேஜைமேல் வைத்தேன்.

கடைசி நாள் காலையில் பிரின்ஸ்பால் அவருக்கு ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, சேலத்துக்கு மீட்டிங் போய்விட்டார். மத்தியானம் பாய் என் சீட்டை எடுத்துப் படித்தார். "நான் எப்பக் கண்ணு புரொபசர் ஆனேன்?" என்றார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூணு மணிக்கு விழா என்று எழுதியிருந்தேன். மூணு மணிக்கும் போர்டு, மழையால் மேட்ச் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. நாலு மணி பஸ்ஸில் பிள்ளைகள் போனார்கள், வாத்தியார்களும் போனார்கள். ஆபீஸ் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

அஞ்சு மணிக்கு மேல் டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். போர்டு அணைந்து, மறுபடி எரிந்தது. நான் எழுதியதுதான் ஓடியது. புரொபசரை எடுத்துவிட்டிருந்தார். மூணு மணியை அஞ்சரை ஆக்கியிருந்தார். தப்பான நேரத்தை அந்த மனுசன் போர்டில் போடமாட்டார். அமீர் ஜானுக்கு வழியனுப்பு விழா, அஞ்சரை மணி, அனைவரும் வருக.

பாய் வெளியே வந்து, தோளில் துண்டோடு, பனிமூட்டத்தில் அண்ணாந்து நின்றார். ஈரத் தரையிலும் சிவப்பு ஓடியது. முதல் சுற்று முடிந்தது. அவர் நகரவில்லை.

அஞ்சரைக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்தது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, விழா ஆரம்பிப்பதற்குள் போய் நின்றேன்.