ஆடிக்காற்றும் அலைக்குறிப்பும்

நான் கடலுக்குப் போனது மொத்தம் இரண்டே தடவை. ஆனாலும் கிழக்குக் கரையில் அலைச்சறுக்கு சொல்லித்தரும் ஒரு பள்ளிக்கு, மறுநாள் அலை எப்படி, காற்று எப்படி என்று தினமும் திண்டுக்கல்லில் இருந்து எழுதி அனுப்புகிறேன். கணினித் திரையில் வரும் எண்களைப் பார்த்துத் தமிழில் நாலு வரி. அவ்வளவுதான் வேலை. அதற்கே கண் எரிகிறது.

சேர்ந்த புதிதில், ஓர் ஆடி மாதம், திரையில் பலத்த மேற்குக்காற்று என்று வந்தது. இங்கே அந்தக் காற்றுதான் மாடியில் காயும் துணியிலெல்லாம் புழுதியை அப்பும். என் கணவரின் தோட்டத்தில் முருங்கைக் கிளைகளை முறித்துப்போடும். யோசிக்காமல், "மோசமான காற்று, கடலில் இறங்க வேண்டாம்" என்று எழுதிவிட்டேன்.

காலையில் அங்கிருந்து பயிற்சியாளர் போன் செய்தார். "என்னக்கா இப்படி எழுதிட்டீங்க? கரையிலேர்ந்து கடலுக்குப் போற காத்துதான் அலைய நிமித்திப் பிடிக்கும். இன்னிக்கு அலை கண்ணாடி மாதிரி இருக்கு. ஒருத்தரும் வரல."

அதற்குப் பிறகு தப்பாக எழுதியதில்லை.

இந்த ஆடியில் ஒருநாள் சாயங்காலம், தோட்டத்திலிருந்து வந்த கணவர் தலையில் இருந்த மண்ணைக்கூடத் தட்டாமல் உட்கார்ந்தார். "பூ அம்புட்டும் கொட்டிப்போச்சு. நாளைக்காச்சும் காத்து அடங்குமா? பாத்துச் சொல்லு."

"அடங்காது" என்றேன்.

பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நாளைக்கான குறிப்பைச் சற்று முன்புதான் அனுப்பியிருந்தேன்: அருமையான காற்று, விடியும்போதே வந்துவிடுங்கள்.