கயிறு பிடித்துப் பிரித்த காடு

மழை இருட்டிக்கொண்டு வந்தால் அர்த்தநாரி திட்ட ஆரம்பித்துவிடுவான். மழையை நம்பிப் பிழைக்கும் மானாவாரிக்காரன் அதைத் திட்டுவதா என்று சேந்தமங்கலம் சந்தையில் சிரித்தார்கள். சிரிக்கிறவர்களுக்கு என்ன போச்சு? கொல்லிமலை அடிவாரச் சரிவில் உழவுக்காடு வைத்திருப்பவனுக்கல்லவா தெரியும். ஒரு கோடை மழை போதும், உழுத மேல்மண் அத்தனையும் ஓடைக்குப் போய்விடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் விவசாய இலாகாவிலிருந்து சுவாமிநாதன் வந்தார். மட்டம் பார்க்கும் கருவியை நிறுத்தி, சரிவுக்குக் குறுக்கே வரப்புக்குக் கோடு கிழித்துக் கொடுத்தார். அர்த்தநாரி அந்தக் கோட்டிலேயே வரப்பு போட்டான். அதன்மேல் கொழுக்கட்டைப் புல்லை நட்டு, மிஞ்சிய தண்ணீர் வடிய நடுவில் கல்லடுக்கி வழி விட்டான். அது அவன் அப்பன் காட்டிய கைவேலை. இரண்டும் சேர்ந்து முதல் மழையைத் தாங்கின.

அடுத்த மழைக்கு வரப்பு நிற்கவில்லை. பக்கத்துக் காட்டில் இறங்கிய வெள்ளம் ஓரமாகச் சுற்றி வந்து அதை அறுத்தது. பக்கத்துக் காடு அண்ணன் அப்புசாமியுடையது. வரப்பை அங்கேயும் நீட்டினால்தான் நிற்கும் என்றார் சுவாமிநாதன்.

"ஏர் ஓட்ட எடைஞ்சல். என்ற காட்ல மம்பட்டி படக்கூடாது" என்றார் அப்புசாமி. "பாகம் பிரிச்சன்னைக்கு நீ என்ன சொன்னே?"

அதுதான் அர்த்தநாரிக்கு முள்ளாகக் குத்தியது. மேட்டுக்காடு இளையவனுக்கு, பள்ளக்காடு மூத்தவனுக்கு என்றார் அப்பன். நல்ல மண்ணில் தனக்கும் பங்கு வேண்டுமென்று முரண்டு பிடித்து, மேலிருந்து கீழே கயிறு பிடித்து நெடுக்காகப் பிரிக்க வைத்தவன் அவனேதான். ஊரும் அதை நியாயம் என்றது. இப்போது குறுக்கே போகும் வரப்பு பாதியிலேயே அண்ணன் காட்டில் முட்டி நின்றது.

அறுந்த வரப்பைத் திரும்பப் போட்டுவிட்டு, சித்திரையில் மறுபடியும் அண்ணனிடம் போனான். "கயித்த மாத்திப் பிடிக்கலாமுங்ணா. மேடு பூரா நான் எடுத்துக்கறேன். பள்ளத்து நல்ல மண்ணு பூரா நீங்க வெச்சுக்குங்க."

அப்புசாமி ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல மண்ண உட்டுட்டு மேடு கேக்கறே. ஆபீசர் என்னமோ கண்டு சொல்லியிருக்காரு. மேட்ல என்னடா இருக்குது?"

"மண்ணு நிக்கோணுமுங்ணா. வேறொண்ணுமில்லீங்க."

"அட போடா. உன்னைய எனக்குத் தெரியாதா?"

அந்த வாரமே மழை கொட்டித் தீர்த்தது. கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அர்த்தநாரி ஓடினான். புல்லும் கல்லும் வரப்போடு போயிருந்தன. பள்ளத்தில் அப்புசாமி நின்றிருந்தார். அவருடைய நல்ல மண்ணின் மேல் மேட்டுச் சரளை வந்து மூடிக்கொண்டிருந்தது. அப்போதும் அவர் விடவில்லை.

"இப்பவாச்சும் நெசத்தச் சொல்லு. மேட்ல என்ன இருந்துச்சு?"

அர்த்தநாரி ஓடைப் பக்கம் கையைக் காட்டினான். செக்கச்செவேலென்று வெள்ளம் போய்க்கொண்டிருந்தது.

"இருந்ததெல்லாம் அதா போகுதுங்ணா."