சுவரைப் பார்த்து நடந்தவர்

முதலாளியம்மாவின் வாக்கிங் ஷூ வெள்ளை நிறம். வீட்டிலிருந்து கிளம்பும்போது அது ஒரு துணிப்பைக்குள் இருக்கும். கம்பெனி கேட்டைத் தாண்டி, ரோடு திரும்புகிற இடத்தில் உள்ள சின்னப் பாலத்தின் கட்டையில் உட்கார்ந்துதான் அதைக் காலில் மாட்டுவார். கயிற்றை முடிந்துவிட்டு, சேலையைச் சற்றே உயர்த்திச் செருகிக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். பிறகு நடக்கத் தொடங்குவோம்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் கீழ்த்தளம் பனியன் கம்பெனி, மேல்தளம் முதலாளி வீடு. நான் குன்னத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்து, பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கி, பேக்கிங் பிரிவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அவருக்கு நாற்பத்தைந்து இருக்கும். சர்க்கரை கூடிவிட்டது, தினமும் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒருநாள் என் மேஜை அருகே வந்து நின்றார்.

“ஏனம்மிணி, காலைல ஆறு மணிக்கு எங்கூட நடக்க வர்றியா? தனியாப் போனா ஒரு மாதிரி பாக்கறாங்க.”

நான்கு மாதம் நடந்தோம். அந்த நேரத்தில் வடக்கத்திப் பையன்கள் அடிகுழாயைச் சுற்றி நின்று பல் துலக்கிக்கொண்டிருப்பார்கள். வேலியோரத்து முள்மரங்களில் பஞ்சுத் தூசி அப்பியிருக்கும். மாடிப்படியில் என்னைக் கண்டால் தலையை மட்டும் அசைக்கிற அம்மா, ரோட்டில் நிறுத்தாமல் பேசுவார். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்ததை ஒருநாள் சொன்னார். பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் தட்டில் அவருடைய அண்ணன்தான் கடைசிவரை சாப்பிட்டாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார். சர்க்கரை இறங்கிவிட்டது என்று ரிப்போர்ட் வந்த அன்று, பரீட்சையில் தேறிய பிள்ளைபோல அதை என்னிடம் நீட்டிக் காட்டினார்.

பிறகு ஒருநாள் காலையில் அவர் வரவில்லை. பாலத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அறைக்குத் திரும்பினேன். மத்தியானம் கீழே வந்தவர், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “இனி வேண்டாங் கண்ணு. கம்பெனிப் புள்ளகூட ரோட்டுல என்ன பேச்சுன்னு மாமியா சத்தம் போடறாங்க. அவிய மெஷினே வாங்கித் தர்றேன்னுட்டாங்க.” ‘அவிய’ என்றது முதலாளியை.

நாலு பேர் சேர்ந்து அந்த நடை மெஷினை மேலே தூக்கிப் போனார்கள். அது வைக்கப்பட்ட அறை என் மேஜைக்கு நேர் மேலே. காலை ஒன்பதரைக்குக் கூரையில் தட், தட் என்று சத்தம் தொடங்கும். அவர் நடக்கிறார் என்று எனக்கு மட்டும் கேட்பதுபோல இருக்கும்.

ஒருநாள் அந்தச் சத்தத்தின் நடுவே எதுவோ பொத்தென்று விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். அந்த அறைக்குள் நான் கால் வைத்தது அன்றுதான். அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். முழங்கை சிராய்த்திருந்தது. மெஷினின் பட்டை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அணைத்தேன். மெஷின் சுவரை ஒட்டி, சுவரைப் பார்த்தபடி இருந்தது. ஜன்னல் அதற்குப் பின்னால்.

“அடி பலமாங்கம்மா?”

“அடியெல்லாம் இல்லம்மிணி. செவுத்தப் பாத்துட்டே எத்தன தூரந்தான் நடக்கறது?” என்றவர் அழுதுவிட்டார்.

வாசலில் அவருடைய மாமியார் வந்து நின்றார். “கீழ வேல இல்லயா உனக்கு?”

“இருக்குதுங்க” என்று சொல்லி இறங்கிவிட்டேன். ஒரு நிமிடம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அதற்கான தைரியம் எனக்கு இல்லை. மறுநாளிலிருந்து கூரையில் சத்தம் வரவில்லை. அடுத்த தை மாதம் எனக்குக் கல்யாணம் ஆனது. சொல்லிக்கொள்ளாமலே வேலையை விட்டேன்.

இப்போது வீரபாண்டியில் குடியிருக்கிறேன், அங்கேயே ஒரு கம்பெனியில் வேலை. போன வருடம் எனக்கும் சர்க்கரை வந்தது. நடங்க என்று டாக்டர் எனக்கும் சொன்னார். சரிங்க என்று நானும் தலையாட்டினேன். இதுவரை ஒருநாளும் நடக்கவில்லை.

போன மாதம் ஒரு விடியற்காலை முகூர்த்தத்துக்காக நெருப்பெரிச்சல் போய்விட்டு வண்டியில் திரும்பும்போது, ரோட்டோரம் ஒரு வயதான அம்மா தனியாக, வேகமாக நடந்து வந்துகொண்டிருந்தார். நடையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. வண்டியை நிறுத்தி யாரென்று சொன்னேன். என் தாடையைப் பிடித்துப் பார்த்தார்.

“அவியளும் போயிட்டாங்க, மாமியாளும் போயிட்டாங்க. பசங்க ரெண்டு பேரும் வெளிநாடு. இப்ப எங்க போறேன்னு கேக்கறக்கு ஆருமில்ல அம்மிணி” என்று சிரித்தார். சந்தோஷமாகச் சொல்கிறாரா, வருத்தமாகச் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

“நீ நடக்கறயா?”

“எங்கீங்கம்மா நேரம்?”

“அந்த முக்கு வரைக்கும் வா, பேசிட்டே போலாம்.”

வண்டியை ஓரங்கட்டினேன். அப்போது போன் அடித்தது. மகளின் யூனிபார்ம் எங்கே இருக்கிறது என்று கணவர் கேட்டார். பீரோவில் இரண்டாவது தட்டு என்றேன். அங்கே இல்லை என்றார். பின்னால் மகளின் அழுகைக் குரல் கேட்டது.

“போ கண்ணு, தேடறாங்க பாரு” என்று சொல்லிவிட்டு அவர் நடக்கத் தொடங்கினார். நான் போனைக் காதில் வைத்தபடி, அவர் முக்குத் திரும்பும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.