கடலைக் கழுவின கதை

கடல்மீன் வளர்க்கிறவன் உண்மையில மீன் வளர்க்கிறேல்லை, தண்ணிதான் வளர்க்கிறான். தொட்டி வைச்சு நொந்தவைக்கு இது விளங்கும்; மற்றவை சிரியுங்கோ. எழுபதுகளில திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு ஹோட்டல் வாசலில ஆள் நீளக் கண்ணாடித் தொட்டி. அதுக்குப் பொறுப்பு நான்.

சிவப்புப் பட்டு

ஒரு மாசத்தில மணலெல்லாம் சிவப்பாய், வழுவழுவெண்டு என்னவோ படர்ந்திட்டுது. காலமை உரிச்சு எடுத்தால் பின்னேரம் திரும்ப நிக்கும், மேல முத்து முத்தாய்க் காத்துக் குமிழோட. எனக்கெண்டால் எரிச்சல். கொழும்பால வந்த அம்மா ஒராள் கண்ணாடியில மூக்கு முட்டப் பார்த்திட்டுக் கேட்டா: "தம்பி, இந்தச் சிவப்புப் பட்டு எந்தக் கடையில எடுத்தனீங்கள்?"

பால் தண்ணி

மனேச்சருக்கு அந்த ரசனை இல்லை. ரெண்டு கிழமையில ஹோட்டலில கலியாணம், தொட்டி பளிச்செண்டு இருக்கவேணும், இல்லாட்டி வேற வேலை பாரும் எண்டிட்டார். மீனை வேற பாத்திரத்தில விட்டிட்டு, கல்லு, மணல் எல்லாத்தையும் குளோரின் தூள் போட்டுத் தேய்ச்சு, கிணத்துத் தண்ணியில அலசிக் காயவைச்சு, புதுக் கடல்தண்ணி நிரப்பி மீனைத் திரும்ப விட்டன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போச்சு. மூண்டாம் நாள் தண்ணி அரிசி கழுவினமாதிரி வெள்ளை. தொட்டியில இருந்த மஞ்சள் மீன் ஆறும் மேல வந்து வாயைப் பிளக்குதுகள். கடலுக்குள்ள முங்கி எங்களுக்கு மீன் பிடிச்சுத் தாற குச்சவெளிச் சுழியோடி சவிரிமுத்து அண்ணை நான் செய்ததைக் கேட்டுத் தலையில கைவைச்சார்: "அட, கடலை ஆரடாப்பா கழுவுறது?"

மரியாதை

முதல் உரிச்ச சிவப்பு ஒரு போத்தலில மிச்சம் கிடந்தது. பள்ளிக்கூட விஞ்ஞான ரீச்சரிட்டக் கொண்டுபோனன். நுணுக்குக்காட்டியில பார்த்தால், கடவுளே! ஒரு துளிக்குள்ள எண்ணேலாத நூல்கள். காலில்லை, கையில்லை, ஆனால் ஊருதுகள்.

இதுவும் பக்டீரியாதான், தண்ணியை வெள்ளையாக்கினதும் பக்டீரியாதான், கல்லில குடியிருந்து மீனின்ர கழிவைத் திண்டு தண்ணியைக் காத்ததும் பக்டீரியாதான் எண்டா ரீச்சர். கடைசியாய்ச் சொன்னதைத்தான் நான் குளோரின் போட்டுச் சாக்காட்டியிருக்கிறன். "அப்ப இந்தச் சிவப்புச் சனியன்?" எண்டன். ரீச்சர் முறைச்சா: "மீனும் இலையும் பிறக்க முந்தியே உலகத்துக்கு மூச்சுக்காத்துக் குடுத்த இனம். கொஞ்சம் மரியாதையாய்க் கதையுங்கோ."

தண்ணி எங்க?

சவிரிமுத்து அண்ணை கடலடியில இருந்து கழுவாத கல்லும் மணலும் வாளியில கொண்டுவந்தார். நான் தீனியைப் பாதியாக்கி, வெயில் விழுற யன்னலுக்குத் திரை போட்டு, நாளுக்குக் கொஞ்சமாய்த் தண்ணி மாத்தினன். மிச்ச வேலையைக் கண்ணுக்குத் தெரியாததுகள் பார்த்துதுகள்.

கலியாணத்தண்டு காலமை தொட்டிக்கு முன்னால போய் நிண்டன். ஆறு மீனும் அந்தரத்தில நிக்குதுகள். தண்ணி தெளிஞ்சிட்டுது, என்ர கண்தான் கலங்கிப்போச்சு. பின்னால வந்த மனேச்சர் பதறிப்போனார்: "என்ன காணும், தொட்டிக்குத் தண்ணி விட மறந்திட்டீரோ?"

ஊரெல்லாம் பெரியாளின்ர காலைக் கழுவி வேலையைக் காப்பாத்துது. நான் கழுவாமல் விட்டுக் காப்பாத்தினனான்.